முறிப்பது என் வேலை

உருமேயா ஆற்றங்கரை ஆய்வுக்கூடத்தில்
முறிப்பது என் வேலை.
காலை எட்டு மணிக்கு இரும்புத் தாடைகளுக்கு
ஒரு பட்டையைக் கவ்வக் கொடுப்பேன்,
பொத்தானை அழுத்துவேன்.
படீர்.
எண்ணைக் குறித்துக்கொண்டு
துண்டுகளைக் கூடையில் போடுவேன்.
பத்தொன்பது வருஷமாக இதற்குத்தான் சம்பளம்.
பள்ளிப் படிவத்தில் என் மகன்
"அம்மா: உடைப்பவர்" என்று எழுதிக் கொடுத்தான்.

மெழுகு உருகும். வெந்த முட்டை உருகாது.
எங்கள் பட்டைகளெல்லாம் முட்டை இனம்,
ஒருமுறை இறுகியது இறுகியதுதான்.
கூடைக்கு வருத்தம் கிடையாது,
எனக்கும்.

மார்ச்சில் இச்சாசோ பதினான்காம் எண்ணைக் கொண்டுவந்தாள்.
கலங்கிய தேன் நிறம்.
"உடைத்துவிட்டுத் தூக்கிப் போடாதே" என்றாள்.
உடைத்தேன். தூக்கிப் போடவில்லை.
துண்டுகளைப் பொடித்து அச்சில் பரப்பி
இருநூறு டிகிரியில் அழுத்தினாள்.
நான் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள்
முழுப் பட்டை.

உள்ளே கந்தகம் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கிறதாம்.
சூடு ஏறினால் பிடி தளரும்,
விட்ட கையோடு பக்கத்துக் கையைப் பிடிக்கும்.
யாரும் தனியாக நிற்பதில்லை,
யாரும் யாருக்கும் நிரந்தரமும் இல்லை.
இச்சாசோ படம் போட்டே காட்டினாள்.
எனக்கு இருந்தது ஒரே கேள்வி:
பதிவேட்டில் இதை எங்கே எழுதுவது?
"முறிந்தது" என்பதற்கு அடுத்து
கட்டமே கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன், மறுபடி.
அதன் கீழே, மறுபடி.
ஒன்பது முறை.
ஒன்பதாவதிலும் பலம்
நூற்றுக்கு நாலுதான் குறைந்திருந்தது.

சிரிமிரி என்று இங்கே தூறலுக்குப் பேர்.
குடை விரிக்க வெட்கம், விரிக்காவிட்டால் நனையும்.
அது மூன்றாம் நாளாக விழுந்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை
தம்பி பெல்லோ வாசலில் நின்றான்,
மீன்கடைப் பையில் ஒரு துண்டோடு.

பசாயா துறையில் அவன் படகை அறுக்கிறார்கள்.
கண்ணாடி இழை, பாலியெஸ்டர், வயது முப்பத்தொன்று.
உருக்க முடியாது, எரித்தால் அபராதம்,
புதைக்கிற குழிக்கு டன் கணக்கில் கட்டணம்.
மூழ்கியிருந்தால் செலவு மிச்சம் என்றான்.
"நீ ஏதோ உடைந்ததை ஒட்டுகிறாயாமே."

"ஒட்டுவதில்லை."

"சரி, என்னவோ."

இது அது இல்லை என்று சொல்லத் தெரியும் எனக்கு.
சொல்லவில்லை.
இச்சாசோ சாப்பிடப் போயிருந்தாள்.
துண்டை அச்சில் வைத்தேன்.
படகின் பெயரிலிருந்து நீலச் சாயத்தில்
ஒரு எழுத்தின் வால் மட்டும் தெரிந்தது.
இருநூறு. ஒன்றும் இல்லை.
இருநூற்று முப்பது. ஓரம் பழுத்தது.
இருநூற்று அறுபதில் நாற்றம் கிளம்பியது,
எரிந்த பொம்மையின் நாற்றம்.
உடும்புப் பிடி என்பார்களே, அது.
கருகுமே தவிர விடாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெல்லோ
"நல்லாத்தான் கட்டியிருக்கான், சனியன்" என்றான்.
திட்டா பாராட்டா தெரியவில்லை.

ஆறட்டும் என்றேன். கேட்கவில்லை.
பையில் போட்டான், பை பொத்துக்கொண்டு
தரையில் சொட்டியது.
பை உருகுகிற இனம்.

திங்கட்கிழமை, பதினான்காம் எண், பத்தாவது முறை.
அச்சை நான் துடைத்திருந்தேன், இரண்டு தடவை.
இருந்தும் வெளியே வந்த பட்டையில்
நகக்கண் அளவு நீலம்.
இச்சாசோ விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
"இது என்ன?"

தாடைகளுக்குக் கொடுத்தேன்,
பொத்தானை அழுத்தினேன்.
நீலத்தில் முறியும் என்று நினைத்தேன்.
ஒரு விரற்கடை தள்ளி முறிந்தது.
எண்ணைக் குறித்தேன்.
ஓரத்தில் எழுதாமல்
பென்சிலைக் கொஞ்ச நேரம்
பிடித்துக்கொண்டிருந்தேன்.